நடுவில் ஒரு லி

ஆகஸ்ட் 18, செவ்வாய்

இன்று மத்தியானம் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது தாணு அண்ணாச்சி என்னைத் தூக்கிவிட்டார்.

தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் க்ரூப்பிலிருந்துதான். இந்த ஓஹையோ ஊரில் தமிழ் பேசுகிற அத்தனை பேரும் அதில் இருக்கிறார்கள். யார் வீட்டில் குழந்தை பிறந்தது, எங்கே முருங்கைக்காய் வந்திருக்கிறது, எந்தப் பல் டாக்டர் வலிக்காமல் பிடுங்குவார், எல்லாம் அதில்தான். குமரி ஸ்டோர்ஸ் என்று மளிகைக் கடை வைத்திருக்கிற தாணு அண்ணாச்சி அதற்கு அட்மின். கடையில் பணிவாகத்தான் இருப்பார். க்ரூப்பில் அவர் மகாராஜா.

நான் செய்த குற்றம் என்ன? வெஸ்லி ட்ராஸ்க் என்று ஒருவன் இந்தத் தொகுதியில் நாடாளுமன்றத்துக்கு நிற்கிறான். வெளியிலிருந்து வந்தவர்களால்தான் ஊர் நாறுகிறது, எல்லாரையும் மூட்டை கட்டி அனுப்புவேன் என்று மேடைக்கு மேடை பேசுகிறவன். அவனுடைய ஆட்கள் சங்கத்துக்கு எழுதியிருந்தார்கள், தீபாவளி விழாவில் வந்து ஐந்து நிமிஷம் பேசலாமா என்று. க்ரூப்பே கொதித்தது. நான் எழுதினேன்: "வரட்டும். எதிர்த்து நிற்கிற அந்தப் பெண்ணையும் கூப்பிடுவோம். மேடையில் பேசுவதை நம் முகத்தைப் பார்த்துப் பேசட்டும். கேள்வி கேட்போம்."

அண்ணாச்சி பதில் போட்டார்: "அவனுக்கு வக்காளத்து வாங்குரவங்க இங்க தேவை இள்ளை."

நான் எழுதினேன்: "வக்காலத்து. வாங்குறவங்க. இல்லை."

அடுத்த நிமிஷம் நான் வெளியே. கருத்துச் சொன்னதற்காக ஒருத்தியை வெளியே தள்ளுகிறார்கள், அதுவும் இந்த நாட்டில்! பேச இடமில்லை, அதனால் டாலர் கடையில் ஒரு டைரி வாங்கி எழுதுகிறேன். தாளிப்பு கருகிப்போயிற்று.

ஆகஸ்ட் 19, புதன்

எனக்கு ஒன்றுமில்லை. ஃபோன் கத்தாமல் கிடக்கிறது. என்ன நிம்மதி.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

இவர் இன்னும் க்ரூப்பில்தான் இருக்கிறார். என் வீட்டுக்காரர் பரமசிவன், கோவில்பட்டியில் தாலி கட்டிய நாளிலிருந்து எந்தச் சண்டையிலும் எந்தப் பக்கமும் சேராதவர். டிரக் பாகங்கள் செய்கிற ஆலையில் வேலை. காலையில் இட்லியை வைத்துவிட்டுச் சும்மா கேட்டேன்.

"க்ரூப்ல என்ன ஓடுது?"

"ஒண்ணும் இல்ல."

"என்னைப் பத்தி யாராச்சும் கேட்டாங்களா?"

"இல்ல."

"ஒருத்தர்கூடவா?"

"சட்னி இருக்கா?" என்றார்.

கேட்காவிட்டால் போகட்டும். எனக்கென்ன வந்தது.

செப்டம்பர் 9, புதன்

இன்று ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று ஃபோன். என் வேலை அதுதான்: டாக்டர் ஆங்கிலத்தில் சொல்வதை நோயாளிக்குத் தமிழில் சொல்வேன், நோயாளி சொல்வதை டாக்டருக்குச் சொல்வேன். எங்கோ டெக்சஸில் ஒரு பாட்டையா, "நெஞ்சு அடைச்சிக்கிட்டு வருது" என்றார். டாக்டர் பதறிவிட்டார். இதயத்தில் அடைப்பா, மூச்சு முட்டுகிறதா என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் பார்த்தால் பேரன் சொல்லாமல் கொள்ளாமல் வேறு ஊருக்குப் போய்விட்டானாம். அந்தத் துக்கம். நான் அப்படியே சொன்னேன். டாக்டர் ஈ.சி.ஜி. எடுக்கத்தான் செய்தார். செய்யட்டும், நல்லதுதான்.

பகவதி வழக்கமாக இந்த நேரத்துக்குக் கூப்பிடுவாள். தாணு அண்ணாச்சியின் மனைவி. நாலு வீடு தள்ளி இருக்கிறாள். இப்போது கூப்பிடுவதில்லை. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கட்சி போல.

செப்டம்பர் 20, ஞாயிறு

ட்ராஸ்க்கின் கூட்டம் டி.வி.யில். எதிர்த்து நிற்கிற பெண்ணைப் பற்றி, "நவம்பரில் நாம் அவளை டேக் அவுட் பண்ணப்போகிறோம்" என்று கத்தினான். கூட்டம் ஊளையிட்டது. நிருபர் ஒருத்தி, அதற்கு ஆளையே முடித்துவிடுவது என்றும் அர்த்தம் உண்டே என்று கேட்டாள். அவனுடைய ஆள் சிரித்தான். "அது ஒரு பேச்சு வழக்கு. தேர்தலில் தோற்கடிப்போம் என்று அர்த்தம். யாருக்குத்தான் தெரியாது?" முடிந்தது கதை.

டேக் அவுட் என்றால் எனக்கு ஓட்டலில் பார்சல் வாங்குவதுதான் ஞாபகம் வரும். இருந்தாலும் அந்த ஊளை பிடிக்கவில்லை. மத்தியானம் சூப்பர் மார்க்கெட் வாசலில் வண்டியில் பையை வைத்துக்கொண்டிருந்தேன். பிக்கப் டிரக்கில் போன ஒருவன் கண்ணாடியை இறக்கி, "மூட்டை கட்டியாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனான். இருபத்திரண்டு வருஷமாக அந்த வாசலில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. பை கையிலிருந்து நழுவியது. தக்காளி உருண்டு ஓடியது.

அவனும் பேசட்டும் என்று எழுதினவள் நான். இன்றைக்கு அதே மாதிரி எழுதுவேனா? எழுதுவேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அன்றைக்குப் போல அவ்வளவு வேகமாக விரல் போகாது.

அக்டோபர் 6, செவ்வாய்

தாணு அண்ணாச்சியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது.

கடைக்கு வந்து, கல்லாவில் நின்றவரைக் கையில் விலங்கு மாட்டி, ஃபோனையும் எடுத்துக்கொண்டு போனார்களாம். பகவதி ஓடி வந்து எங்கள் வீட்டு வாசலில் செருப்பில்லாமல் நின்றாள். ஒன்றரை மாசமாகப் பேசாதவள்.

"அக்கா, அவுக என்ன எழுதுனாவன்னே எனக்குத் தெரியலக்கா. ட்ராஸ்க்கைக் கொல்லப் போறேன்னு எழுதுனதா சொல்லுதாவ. அவுக கறிவேப்பிலைக்குக் கூட வலிக்குமேன்னு பையக் கிள்ளுத மனுசன்!"

அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். இவர் தன் ஃபோனில் தேடி எடுத்தார். அண்ணாச்சி, ட்ராஸ்க்கின் சொந்த ஃபேஸ்புக் பக்கத்திலேயே போய், ஆயிரம் பேர் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிற இடத்தில், தமிழில் ஒரு வரி எழுதியிருக்கிறார்:

"நவம்பர்ல இந்தாளை தூக்கிட்டு தான் மறுவேளை."

எனக்குப் புரிந்துவிட்டது. லிஃப்டில் பக்கத்தில் நிற்கிற வெள்ளைக்காரியின் சட்டையைப் பற்றித் தமிழில் கமெண்ட் அடிக்கிறோமே, அதே தைரியம். தமிழில் சொன்னால் காதில் சொன்ன மாதிரி என்று ஒரு நினைப்பு. இப்போது கீழேயே மொழிபெயர்ப்பு என்று ஒரு பொத்தான் இருப்பது அவருக்குத் தெரியாது.

பொத்தானை அமுக்கினேன். இயந்திரம் ஆங்கிலத்தில் சொன்னது: "நவம்பரில் இந்த மனிதனைத் தூக்கில் போட்ட பிறகே அடுத்த வேளை உணவு."

பகவதி அழுதாள். எனக்குச் சிரிப்பு வந்ததை எப்படி அடக்கினேன் என்று எனக்கே தெரியாது. பிறகு அவள் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு போய்விட்டது. "டிசம்பர்ல சிட்டிசன்ஷிப் இன்டர்வியூக்கா. பதினெட்டு வருசம் காத்துக் கிடந்தாவ. இந்தக் கேசு நிலைச்சா இன்டர்வியூவும் இல்ல, ஊருக்கே அனுப்பினாலும் அனுப்பிருவாவளாம்."

மூட்டை கட்டி.

அக்டோபர் 8, வியாழன்

ஜாமீனில் விட்டுவிட்டார்கள். ஃபோன் இன்னும் போலீசிடம். க்ரூப்புக்கு அட்மினே இல்லை.

இவர் சொன்னார், க்ரூப்பில் ஆட்கள் கும்பல் கும்பலாகக் கிளம்பிப் போகிறார்களாம். பழைய செய்திகளை உட்கார்ந்து அழிக்கிறார்களாம். சங்கத் தலைவர் ஆங்கிலத்தில் ஒரு அறிக்கை விட்டிருக்கிறார்: தனிநபர் கருத்துக்கும் சங்கத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, தீபாவளி விழாவுக்கு எந்த வேட்பாளருக்கும் அழைப்பு இல்லை. போன மாசம் வரை அண்ணாச்சி கடையில் ஓசி டீ குடித்தவர்.

நல்லா வேணும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. இதை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. அடுத்தவள் வாயை ஒரு விரலால் அடைத்தவருக்கு இப்போது தெரியும்.

அக்டோபர் 10, சனி

அண்ணாச்சிக்குக் கோர்ட் கொடுத்த வக்கீல் மிஸ் ஹேடன் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சின்ன வயசு, கண்ணைச் சுற்றிக் கருவளையம். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில் வேலை செய்கிற ஒரு ஆள் சாட்சி சொல்ல வேண்டும், பகவதி என் பெயரைச் சொன்னாள் என்றாள்.

"இருபத்தொன்றாம் தேதி விசாரணை. இது உண்மையான மிரட்டலா, வெறும் பேச்சா என்பதுதான் கேள்வி. மிரட்டல் என்று நீதிபதி நினைத்தால் வழக்கு மேலே போகும். நீங்கள் அவருக்கு நண்பரா?"

"இல்லை. பேசுவதில்லை."

அவளுக்கு முகம் வாடிவிட்டது. நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோசிக்க என்ன இருக்கிறது என்று இவர் கேட்டார். இருக்கிறது. நாளைக்கு நான் போய்ச் சாட்சி சொல்லி, அந்த ஆள் வெளியே வந்து, மறுபடி க்ரூப்பில் மகாராஜாவாக உட்கார்ந்து, என்னை வாசலிலேயே நிறுத்துவார். எனக்குக் க்ரூப் முக்கியமில்லை. ஆனால் கேட்கிறேன், நியாயம் என்று ஒன்று இல்லையா?

"அவர் உன்னைத் தூக்குனது ட்ராஸ்க்குக்காக இல்ல," என்றார் இவர், பேப்பரைப் பார்த்துக்கொண்டே. "நீ ள-வைத் திருத்துனே பாரு, அதுக்கு. நாப்பது பேரு முன்னால எத்தனை தடவை திருத்தியிருப்பே?"

வருஷத்துக்கு ஒரு தடவை வாயைத் திறப்பார். அதற்கு இதைத்தான் திறக்க வேண்டுமா?

அக்டோபர் 14, புதன்

வெந்தயம் தீர்ந்துவிட்டது, அதற்காகத்தான் குமரி ஸ்டோர்ஸ் போனேன். கடையில் ஒரு ஆள் இல்லை. வாழைக்காய் கறுத்துக் கிடந்தது. அண்ணாச்சி கல்லாவில் நின்றுகொண்டு வாசலையே பார்த்தார். பாதியாக வற்றியிருந்தார்.

"வாங்க," என்றார்.

"வெந்தயம்."

எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கிக்கொண்டார். நான் திரும்பியதும் மெதுவாகச் சொன்னார்: "எனக்கு ஓட்டுகூட இல்லம்மா. டி.வி.யில அவன் பேசுததைப் பார்த்துட்டு வயிறு எரிஞ்சுது. என்ன செய்ய, வாயிதான இருந்துது."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதுவே காதில் நின்றது. தூக்குவோம் என்றாரே, எதை வைத்து? ஓட்டு எனக்கு இருக்கிறது, இவருக்கு இருக்கிறது. பதினெட்டு வருஷமாக வரி கட்டுகிற அந்த மனுசனிடம் வாய் ஒன்றுதான் இருந்தது. அதிலும் பிழையான ஸ்பெல்லிங்.

மிஸ் ஹேடனுக்கு ஃபோன் செய்து வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் வெந்தயம் ஒரு டப்பா ஏற்கெனவே இருந்தது.

அக்டோபர் 20, செவ்வாய்

நாளைக்குக் கோர்ட். ஒரு வெள்ளைத்தாளில் எழுதி எழுதிப் பார்த்தேன். இயந்திரம் ஏன் அப்படிச் சொன்னது என்று பிடித்துவிட்டேன். "தூக்கிட்டுத் தற்கொலை" என்று பத்திரிகையில் தினம் வருகிறது. இயந்திரம் படித்தது பத்திரிகைத் தமிழ். அண்ணாச்சி எழுதியது வாய்த்தமிழ். வாயில் "தூக்கிட்டு" என்றால் தூக்கிவிட்டு, பதவியிலிருந்து நீக்கிவிட்டு, அவ்வளவுதான். அடுத்த ஆளைக் கயிற்றில் ஏற்றுவதாக இருந்தால் "தூக்கிலிட்டு" என்று எழுத வேண்டும். நடுவில் ஒரு லி வேண்டும். இதில் லி இல்லை!

எழுந்து ஒரு ஆட்டம் போடலாம் போல இருந்தது. இவரிடம் சொன்னேன். இவர் நெற்றியைச் சொறிந்துகொண்டு, எதையோ முழுங்கிய மாதிரி நின்றார். பிறகு தன் ஃபோனை நீட்டினார்.

"இதைக் காட்டக் கூடாதுன்னு நினைச்சேன். உனக்கு உதவும்னா பாரு."

ஆகஸ்ட் 18-ஆம் தேதி, என்னை நீக்கிய பிறகு அண்ணாச்சி க்ரூப்பில் எழுதியது:

"செண்பகவள்ளியை தூக்கிட்டேன். இனி நிம்மதி."

கீழே பதினாலு பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள். பகவதி ஒன்று. பதினான்காவது இவருடையது.

"கை பட்டுட்டு," என்றார்.

எனக்கு ஒன்றுமில்லை. இரண்டு மணி நேரம் பாத்திரம் துலக்கினேன். துலக்கியதையே துலக்கினேன். நாற்பது பேரில் பதினாலு பேர். ஒருத்தர்கூட என்னைப் பற்றிக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதுவே பரவாயில்லை.

இதை நாளைக்குக் காட்ட மாட்டேன். லி போதும்.

அக்டோபர் 21, புதன்

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன், மறப்பதற்குள்.

கோர்ட்டில் சங்கத்து ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் பின் வரிசையில், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு. ட்ராஸ்க் வரவில்லை, அவனுடைய ஆள் ஒருவன் வந்திருந்தான். நீதிபதி வயதான அம்மா, மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். நான் சத்தியம் செய்தேன். மிஸ் ஹேடன் கேட்கக் கேட்க, லி பற்றி அழகாகச் சொன்னேன். பலகையில் பெரிதாக எழுதியும் காட்டினேன். நீதிபதி அதை வரைந்துகொண்டார், இடவலம் மாற்றி வரைந்தார், பரவாயில்லை.

பிறகு அரசு வக்கீல் எழுந்தான். மரியாதையான பையன், அதுதான் வம்பு.

"பத்திரிகையில் இந்தச் சொல் கயிற்றைத்தான் குறிக்கும், இல்லையா?"

"ஆமாம். அங்கே தானே மாட்டிக்கொள்வதைச் சொல்வார்கள்."

"கயிறுதான்."

"கயிறுதான்."

"அடுத்தவரை என்றால் நடுவில் இன்னொரு எழுத்து வேண்டும் என்கிறீர்கள். குற்றம் சாட்டப்பட்டவர் தமிழில் எழுத்துப் பிழை செய்வாரா?"

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். சத்தியம் செய்திருக்கிறேனே, என்ன செய்ய?

"செய்வார்."

"எப்போதாவதா?"

"விரல் வைத்தால் பிழைதான்."

"இந்த ஒரு வரியில்?"

"வேலை என்று எழுத வேண்டியதை வேளை என்று எழுதியிருக்கிறார். அதனால்தான் இயந்திரம் அடுத்த வேளை உணவு என்றது."

"அப்படியானால் அந்த ஒரு எழுத்தை அவர் விட்டிருக்கவும் கூடும்?"

இத்தனை வருஷம் திருத்தினேனே, ஒரு தடவையாவது சும்மா இருந்திருக்கலாம். "கூடும்," என்றேன். பின்னால் பகவதி விம்முவது கேட்டது.

அவன் உட்கார்ந்துவிட்டான். நீதிபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "எனக்கு ஒன்று புரியவில்லை. எழுத்தை நம்ப முடியாதென்றால், ஒரு தமிழர் இதைப் படித்து எது என்று எப்படித் தெரிந்துகொள்வார்?"

"ஆளைத் தெரிந்தால் தெரியும், அம்மா."

"உங்களுக்கு ஆளைத் தெரியுமா? நண்பரா?"

"இல்லை. எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை."

"ஏன்?"

பின் வரிசையில் பதினான்கில் பாதிப் பேராவது இருந்திருப்பார்கள். இவரும் இருந்தார்.

"ஆகஸ்ட் மாதம் இவர் என்னைத் தூக்கிட்டார்," என்றேன். அந்தச் சொல்லை மட்டும் தமிழிலேயே சொன்னேன். பலகையில் எழுதியிருந்த அதே சொல். நீதிபதிக்குப் புரிந்தது, புருவம் மேலே போயிற்று. என் வீட்டுக்காரரின் ஃபோனைக் கொடுக்கச் சொன்னேன். அண்ணாச்சி எழுதியதை வாய்விட்டுப் படித்து, ஆங்கிலத்தில் சொன்னேன்: "செண்பகவல்லியைத் தூக்கிட்டேன், இனி நிம்மதி. என் பெயரிலும் பிழை இருக்கிறது, அது வேறு. பதினாலு பேருக்குப் பிடித்திருக்கிறது. அதில் ஒருவர் என் கணவர். பாதிப் பேர் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்."

நீதிபதி பின் வரிசையை எட்டிப் பார்த்தார்.

"என்னைத் தூக்கினார், அம்மா. நான் இதோ நிற்கிறேன். கழுத்தில் தாலியைத் தவிர ஒன்றும் இல்லை. இந்த மனுசனுக்குத் தூக்குவது என்றால் இதுதான். வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துவது. அது கெட்ட பழக்கம், எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் கொலை இல்லை."

நீதிபதி கொஞ்ச நேரம் எதையோ எழுதினார். அரசு வக்கீலிடம் இன்னும் கேள்வி உண்டா என்று கேட்டார். இல்லை என்றான். அப்புறம் சொன்னார்: "அநாகரிகமான பேச்சைக் கேட்டு எல்லாரையும் உள்ளே வைப்பதென்றால் இந்தத் தேர்தலில் நிற்பதற்கு ஆளே இருக்கமாட்டார்கள். போன மாதம் ஒரு வேட்பாளர் இதே மாதிரி ஒரு சொல்லைச் சொன்னபோது பேச்சு வழக்கு என்று ஏற்றுக்கொண்டோம். அவருக்குப் பேச்சு வழக்கு உண்டென்றால் இவருக்கும் உண்டு." தள்ளுபடி.

வாசலில் பகவதி என்னைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் இவர் தானாகவே காபி போட்டுக் கொடுத்தார். சர்க்கரை இல்லை. குடித்தேன்.

நவம்பர் 3, செவ்வாய்

ஓட்டுப் போட்டேன். யாருக்கு என்று இங்கேகூட எழுதமாட்டேன். ரகசியமாக வைத்துக்கொள்ளவும் உரிமை இருக்கிறது.

நவம்பர் 4, புதன்

ட்ராஸ்க் ஜெயித்துவிட்டான். கொஞ்ச ஓட்டில்தான். இருந்தாலும் ஜெயம் ஜெயம்தானே.

நவம்பர் 8, ஞாயிறு

தீபாவளி விழா. எந்த வேட்பாளரும் இல்லை, எந்தப் பேச்சும் இல்லை. நாலு டான்ஸ், ஒரு பிரியாணி. அண்ணாச்சி மூலையில் உட்கார்ந்து பேப்பர் தட்டு அடுக்கினார். போன வருஷம் மைக்கைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றவர். யாரோ ட்ராஸ்க் பெயரை எடுத்தார்கள், உடனே எழுந்து வெளியே போய்விட்டார்.

நவம்பர் 15, ஞாயிறு

என் ஃபோன் கத்தியது! "தாணு உங்களைச் சேர்த்தார்."

ஓடிப் போய்த் திறந்தேன். வணக்கம் போட விரலை வைத்தால், எழுதுகிற இடமே இல்லை. "அட்மின் மட்டுமே செய்தி அனுப்ப முடியும்" என்று இருக்கிறது. ஃபோன் திரும்பி வந்ததும் அண்ணாச்சி செய்த முதல் காரியம் அதுதானாம். அவரும் ஒன்றும் எழுதுவதில்லை. தினம் காலையில் ஒரு ரோஜாப்பூப் படம் போடுகிறார். அதில் எழுத்தே கிடையாது.

போனவர்களையும் திரும்பச் சேர்த்திருக்கிறார், நாற்பது பேர் ஒரு அறையில் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து ரோஜாப்பூவைப் பார்க்கிறோம். கோர்ட்டில் ஜெயித்தோம் என்று சொன்னது யார்?

டிசம்பர் 12, சனி

பொறுக்க முடியாமல் கடைக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் சத்தமாகத் தமிழில் கேட்டேன்.

"என்ன அண்ணாச்சி, அந்த ட்ராஸ்க் பேசுனதைப் பார்த்தீங்களா?"

அவர் கண் நேரே வாசலுக்குப் போயிற்று. பால் வாங்க வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் மட்டும் நின்றார். "மெதுவாம்மா," என்றார் அண்ணாச்சி.

"எதுக்கு மெதுவா?"

"இன்டர்வியூவை ஜனவரிக்குத் தள்ளி வச்சிருக்கான். எப்பவாச்சும் கைது ஆனதுண்டான்னு ஒரு கேள்வி இருக்காம். ஆமான்னுதான் போடணுமாம், வக்கீலம்மா தாள் எல்லாம் கொடுத்திருக்கு." கத்தரிக்காயை அடுக்கிக்கொண்டே சொன்னார். "எனக்கு இப்போ தமிழ்ல நினைக்கவே பயமா இருக்கு. பொத்தானை அமுக்குனா என்னவா வரும்னு முதல்ல அதான் ஓடுது. பகவதிகிட்டகூட யோசிச்சு யோசிச்சுப் பேசுதேன்."

இந்த மனுசன் ஒரு நாளைக்கு நாற்பது செய்தி போடுவார். நாற்பதிலும் பிழை. ஆனாலும் அவர் சொன்னால்தான் ஊரில் மழை பெய்ததே எனக்கு உறுதிப்படும்.

அழுதால் அசிங்கம் என்று சண்டையை இழுத்தேன். "சரி, அப்போ ஒத்துக்கிடுங்க. அன்னைக்கு நான் சொன்னபடி ட்ராஸ்க்கைக் கூப்பிட்டு நேருக்கு நேர் கேள்வி கேட்டிருந்தா, நீங்க திருட்டுத்தனமா ஃபேஸ்புக்ல எழுதியிருக்க வேண்டாம்ல?"

கத்தரிக்காய் நின்றது. "திருட்டுத்தனமாவா? அவனைக் கூப்பிட்டு, நம்ம காசுல பிரியாணி போட்டு, நம்ம மேடையில நம்மளையே திட்டச் சொல்லணுமாக்கும்!"

"திட்டட்டும். நாமளும் திட்டுவோம்."

"உங்களுக்கு மூளைகீள இருக்காம்மா? அவன் ஒரு…" என்று ஆரம்பித்தார் பாருங்கள், பால் வாங்க வந்த கிழவர் பாலை வைத்துவிட்டுப் போய்விட்டார். பகவதி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். புருஷன் மேசையைத் தட்டிக் கத்துவதைப் பார்த்துவிட்டு, அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

ஜனவரி 14, வியாழன்

செவ்வாய்க்கிழமை அண்ணாச்சி இன்டர்வியூவில் பாஸ். இன்று காலையில் க்ரூப்பைத் திறந்துவிட்டார். பொங்கல் பானையை அடுப்பில் வைத்துவிட்டுப் படித்தேன்.

"அணைவருக்கும் பொங்கள் வாழ்த்துக்கல். அடுத்த எலக்சன்ல எனக்கும் ஓட்டு உண்டு. இந்தாளை தூக்கிட்டு தான் மறுவேளை."

கிண்டிக்கொண்டிருந்த கரண்டியை வைத்துவிட்டு எழுதினேன்: "அனைவருக்கும். பொங்கல். வாழ்த்துகள். மறுவேலை. அடுத்த விழாவுக்கும் சொல்லுதேன், ட்ராஸ்க் வரட்டும்."

ஃபோன் கத்தியது. "தாணு உங்களை நீக்கினார்."

நான் சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. இவர் ஓடி வந்தார்.

"என்னாச்சு?"

"தூக்கிட்டாரு."

இவர் தன் ஃபோனை எடுத்துப் பார்த்தார். அண்ணாச்சி ஏற்கெனவே அறிவித்திருப்பார் போல. என் முகத்தை ஒரு தடவை பார்த்தார்.

"கட்டைவிரல் போடவா?"

"போடுங்க," என்றேன்.